முள் நகராத ரேடியோவும் உங்கள் தம்பி சூசையும்

என் உயிருக்கு உயிரான வீட்டுக்காரருக்கு,

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்ற வந்தபோதே இதைச் சொல்லியிருப்பேன். எங்கே விட்டார்கள்? ஒரு பக்கம் உங்க அம்மா மாரடித்து அழுகிறார், இன்னொரு பக்கம் அடுத்த கல்லறைக்காரர்கள் இடித்துத் தள்ளுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கோயில் பத்திரிகையில் போடுவதாகச் சாமியார் சொல்லியிருக்கிறார். ராயபுரமே படிக்கட்டும், நமக்குள் என்ன ரகசியம்? நேரில் உங்களை "யோவ்" என்று கூப்பிட்டவள்தான், எழுத உட்கார்ந்தால் மரியாதை தானாக வருகிறது. சிரிக்காதீங்க.

காமாலை முற்றி உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அன்று, நம் ரேடியோவில் சிலோன் ஸ்டேஷன் பாடிக்கொண்டிருந்தது. "தோ வந்துர்றேன், திருப்பிடாத" என்று சொல்லிவிட்டுப் போனீங்க. திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்தத் திருகை யாரையும் நான் தொட விட்டதில்லை. போடுவேன், கேட்பேன், அணைப்பேன். முள் மட்டும் நீங்க விட்ட இடத்திலேயே நிற்கும். பைத்தியமா உனக்கு என்பீங்க. ஆமாம், பைத்தியம்தான்.

நடந்தது போன மாசம், ஐப்பசி மழை பிடித்த நேரம். ஒரு மத்தியானம் லூர்து மூச்சு வாங்க வந்து நின்றாள். உங்க தம்பி பெண்டாட்டி இப்போது நிறைமாசம். பாருங்க, அது கூட உங்களுக்குத் தெரியாது.

"யக்கா, ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்திக்கிறாங்கன்றாங்க. கொஞ்ச பேரு இல்லவே இல்லன்றாங்க. இந்த மனுசன் விடியக்காலைல கட்டுமரத்த எறக்கியே தீருவேன்னு நிக்குது. கொஞ்சம் நியூஸ் வையிக்கா."

பின்னாலேயே சூசை வந்தான். "வானம் பளிச்சுனு கீது அண்ணி. பொட்டி இன்னாத்த சொல்லப்போவுது?" என்றான். அவன் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? கட்டுமரத்தில் கால் வைத்துவிட்டால் பெற்ற தாய் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். டீக்கடைப் பெட்டியும் பழுதாகிக் கிடந்தது. சந்தில் மிச்சம் இருந்தது நம் ரேடியோ ஒன்றுதான்.

செய்தி கேட்க வேண்டுமானால் மெட்ராஸ் ஸ்டேஷனுக்குத் திருப்ப வேண்டும். உங்க விரல் கடைசியாகப் பட்ட இடத்தில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. லூர்துவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருகினேன். உள்ளே 'டப்' என்று ஏதோ அறுந்தது. திருகு சும்மா சுற்றுகிறது, முள் அசையவில்லை, சிலோன்காரர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறார். அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். சூசைக்காக இல்லை, உங்களுக்காகத்தான்.

அழுதால் முள் நகருமா? "ரிப்பேரானா மாமா எப்டிக்கா பொட்டிய தொறப்பாரு?" என்று லூர்து கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. "மொதல்ல பிளக்க புடுங்கு, அப்பால ஒரு டீ குடி, அப்பால கைய வையி" என்பீங்களே. அப்படியே செய்தேன். டீ இறங்குவதற்குள் பெட்டியின் சூடும் தணிந்தது, என் நடுக்கமும் தணிந்தது. டீ குடிக்கச் சொன்னது எதற்காக, பெட்டிக்காகவா எனக்காகவா?

பாட்டு வருகிறது, ஆகவே கரண்டில் குறையில்லை, வால்வுகளிலும் குறையில்லை. கோளாறு திருகுக்கும் முள்ளுக்கும் நடுவேதான் இருக்க வேண்டும். பின்பலகையைக் கழற்றினால் கரப்பான் குடும்பம் ஒன்று வாடகையில்லாமல் குடியிருக்கிறது. காய்ந்த பிரஷ்ஷால் எல்லாவற்றையும் கூட்டினேன். திருகின் தண்டிலிருந்து பெரிய சக்கரத்தைச் சுற்றி, முள்ளை இழுத்துக்கொண்டு ஓடுமே ஒரு நூல், அது உப்புக்காற்றில் இற்று அறுந்திருந்தது. பாதி நூல் தொங்கிக்கொண்டிருந்ததால் அது போகிற வழி புரிந்தது. இழுத்துப் பிடிக்கிற சின்ன ஸ்பிரிங்கும் நல்லபடி இருந்தது.

வலை பின்னுகிற நூலில் அளவாக ஒரு முழத்தை வெட்டினேன். அங்கேதான் கெட்டேன். கடற்கரையில் பிறந்த கை சும்மா இருக்குமா? உப்பு தின்னாமல் இருக்கட்டும் என்று நூலுக்குச் சுறா எண்ணெய் பூசிவிட்டேன். பிளக்கை மாட்டித் திருகினால் நூல் வழுக்குகிறது, முள் இருந்த இடத்திலேயே தூங்குகிறது. பெட்டி சூடாக ஆக வீடெல்லாம் கவிச்சி. பக்கத்து வீட்டுப் பூனை வந்து ரேடியோ முன்னால் உட்கார்ந்துகொண்டது. "இன்னா அண்ணி, ரேடியோவ மீன் கொயம்பு வச்சிட்டியா?" என்றான் சூசை. லூர்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அடிக்கலாம் போல இருந்தது. சாயங்காலச் செய்தி கோயில் மணி அடிக்கிற நேரத்தில்தான் வரும்; அதற்குள் முடியாவிட்டால் செய்தி போய்விடும், விடிந்தால் அவனும் போய்விடுவான்.

மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன், மறுபடி டீ. இந்த நூல் வழுக்கக் கூடாது, கவ்வ வேண்டும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. படகுக்கு ஓட்டை அடைக்கிற எதிர்வீட்டில் கொஞ்சம் குங்கிலியப் பிசின் வாங்கிப் பொடித்தேன். தண்டையும் சக்கரத்தையும் துணியால் எண்ணெய் போகத் துடைத்தேன். காய்ந்த புது நூலில் பொடியைத் தேய்த்து ஏற்றினேன். திருகினேன். முள் நகர்ந்தது. சிலோன் மங்கி, இரைந்து, மெட்ராஸ் வந்தது.

மணி அடித்தது, செய்தி வந்தது. வங்கக் கடலில் புயல், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். சூசை கதவைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டான். வெளியே போய் நாலு பேரைக் கூப்பிட்டு மரத்தை மேட்டுக்கு இழுத்துப் போட்டான்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்க. அந்தப் புயல் ஆந்திரா பக்கம் ஒதுங்கிவிட்டது. நமக்கு வெறும் தூறல். செய்தி கேட்காமல் போன அடுத்த சந்துக்காரன் கூடை நிறைய வஞ்சிரத்தோடு வந்து இறங்கினான். அவ்வளவுதான், அன்றிலிருந்து உங்க தம்பி வாசலில் நின்று என்னைத் திட்டாத நாளில்லை. "உன் பொட்டிய நம்பி என் பொயப்பு போச்சு அண்ணி!" லூர்து உள்ளேயிருந்து "சும்மா கெடய்யா" என்று கத்துகிறாள். அவன் அவளையும் சேர்த்துத் திட்டுகிறான்.

திட்டட்டும். கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அவள் வீட்டில் திட்ட ஆள் இருக்கிறான்.

இந்த மழைக்காலம் முழுக்க அவன் காதில் செய்தியைப் போடாமல் கடலுக்கு அனுப்ப மாட்டேன். எவ்வளவு திட்டினாலும் சரி. இது உங்கள்மேல் சத்தியம்.

தினமும் உங்கள் தம்பியிடம் வசவு வாங்கிக்கொண்டு,
உங்கள் பெண்டாட்டி,
ஆரோக்கியம்