பதினான்கு பேருக்கு வெந்நீர்

திருவண்ணாமலை
9-1-1984

அன்பு மகன் குலாம் ரசூலுக்கு அத்தா மொய்னுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பதினான்கு பேரும் ஒரே கூரையில் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இன்றைக்குப் பன்னிரண்டு பேர்தான் இருக்கிறோம். உன் பெண்சாதி ஜாஹிராவும் குழந்தையும் ஆரணியில் அவள் தாய்வீட்டில் இருப்பது உனக்குத் தெரியும். ஏன் என்பதுதான் உனக்குத் தப்பாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ சவூதி தம்மாமிலிருந்து ஆள்வசம் அனுப்பிய, தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடு மூன்று கால் பிளக்கோடு வந்தது. நம் குளியலறையில் இருப்பது இரண்டு ஓட்டை போர்டு. கரண்டு வேலை செய்யும் காசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எர்த் கம்பி இழுத்து மூணு ஓட்டை போர்டு போடணுங்க, இல்லாம இத தொடாதீங்கனு சொன்னான். தீபக் கூட்டம் முடியட்டும், கடையில் பாத்திர வியாபாரம் ஜாஸ்தியாக இருக்கிறது என்று அவனை அனுப்பிவிட்டேன். பிறகு குளிர் தாங்காமல், நானே உன் பிளக்கை அறுத்து, இரண்டு வயரை மட்டும் பழைய இரண்டு கால் பிளக்கில் முறுக்கி, எர்த்துக்கான பச்சை வயரை மடக்கி டேப் சுற்றினேன். எர்த் முக்கியம் என்று நீ எழுதியிருந்ததையும் படித்துவிட்டுத்தான் செய்தேன். வேலை தெரிந்தவன் என்ற திமிர், வேறென்ன.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு முன்னால் நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டும், அது உனக்குத் தெரியாததா. ஜாஹிரா செப்பு அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ராடை இறக்கி, சுவிச்சைப் போட்டுவிட்டுக் குழந்தையைப் பார்க்கப் போனாள். விறகு அடுப்பு இருந்த நாளெல்லாம் சூடு பார்க்க உன் அம்மா என்ன செய்வாள்? அண்டாவில் கையை விடுவாள். நானும் அப்படித்தான், நீயும் அப்படித்தான். அன்றைக்கும் உன் அம்மா கையை விட்டாள். தூக்கி எறிந்துவிட்டது. பேச்சு வரவே கால் மணி நேரம் ஆனது. டாக்டர் பார்த்து உயிருக்குப் பயமில்லை என்றார். இன்றும் வலது கையில் இரண்டு விரல் மரத்துத்தான் கிடக்கிறது.

சுவிச்சு போட்டது யார் என்று வீடே கேட்டது. உன் பெரியம்மா பீபி ஜான், படிச்ச பொண்ணு, அணைக்காம போவாளானு வாசல் வரைக்கும் கேட்கும்படி சொன்னார். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரணி பஸ் ஏறினாள், அப்போதும் திறக்கவில்லை. பெரியம்மா சொல்லி யாரோ உனக்கு எழுத, நீ அவளுக்கு எழுதினாயே, என் அம்மா மன்னிக்கும்வரை நம் வீட்டு வாசலை மிதிக்காதே என்று, அது தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று ஆரணி போனேன். உள்ளதை அவளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. தெரியும் மாமா, அன்னைக்கே டேப்பைப் பிரிச்சுப் பார்த்தேன், பச்சை வயரு மடிச்சிருந்திச்சி, பேரப் பசங்க முன்னாடி உங்களத் தலை குனிய வெக்க மனசு வரலனு சொன்னாள். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. திரும்பி வந்து எல்லோரும் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். பெரியம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். உன் அம்மா அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

நீ பதினைந்து லிட்டர் கெய்சர் அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். இப்போது அனுப்பாதே. அது நம் வீட்டில் ஒருவர் தலைக்குக்கூடக் காணாது, மேலே தண்ணீர்த் தொட்டி கிடையாது, வோல்டேஜ் கம்மி, நம் கிணற்று உப்பு ஒரே வருஷத்தில் அதைத் தின்றுவிடும். என்ன செய்யலாம் என்று ஜாஹிராவையே கேட்டேன். பாய்லரு வெளியே, குழாய் உள்ளே, யாரும் கையை விட வேண்டாத மாதிரினு சொன்னாள். அப்படியே செய்கிறேன். கடையில் இருக்கும் பெரிய செப்பு பாய்லரைப் பின்கட்டில் வைத்து, சுவரைத் துளைத்து, குளியலறைக்குள் ஒரு குழாய். விறகு போதும். காசி நாளைக்கு வந்து வீடு முழுக்க எர்த் இழுக்கிறான், நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடப் போவதில்லை.

பாய்லர் வந்தாலும் அவள் வரமாட்டாள். அவரு வரச் சொல்லி எழுதட்டும் மாமா, அப்புறம் வர்றேன் என்கிறாள். நியாயம்தான். அதனால் கோபம் எல்லாம் என்மேல் காட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் காட்டு, ஆனால் முதலில் அவளுக்கு எழுது. எனக்குப் பதில் பிறகு போடலாம். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனசும் தரட்டும்.

ஒன்று மறந்தேன். நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அவள் கிழிக்கவில்லை. நீயே கிழித்துப் போடு.

இப்படிக்கு,
உன் அத்தா
மொய்னுதீன்