இழுக்க என்ன இருக்கிறது?

அன்புள்ள அப்பாவுக்கு,

டெலியா எழுதுகிறேன். இங்கே சுகம்தான். உங்கள் முழங்கால் வலி தேவலையா? உங்கள் பிக்கப்பை நான் டகோட்டாவுக்கு ஓட்டிவந்த பிறகு குதிரை ஏற்றும் ட்ரெய்லரை இழுக்க அங்கே வண்டியில்லை, அதனால் குதிரையை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதில் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கிழட்டு டீசல் வண்டி போன வாரம் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. பதறாதீர்கள். இன்ஜின் நன்றாகத்தான் உறுமியது, சக்கரம்தான் அசையவில்லை. இன்ஜினின் விசையை கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் போய்விட்டதாம். பனியில் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான்.

மெக்கானிக் ஹால்வர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, காலி வண்டியைச் சிட்டாகப் பறக்கவைக்கும். இன்னொன்று, கிளம்பும்போதே இறுக்கிப் பிடித்துப் பாரம் இழுக்கும்.

“ஏம்மா, நீ எதை இழுக்கிறே?”

“ஒண்ணுமில்ல. என்னை மட்டும்தான்.”

“அப்ப பறக்கிறதை வாங்கிக்கோ. எண்ணெய்க் கிணத்துப் பசங்க எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க.”

“பறந்து எங்க போறது? இழுக்கிறதையே போடுங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தப் பிடிவாதம்... நீ ஓக்லஹோமாவா?” என்று நம் ஊரைச் சரியாகச் சொன்னார்.

கொட்டகையில் என் தடித்த கையுறை கிடக்கும், அனுப்புங்கள். வெண்டைக்காய் ஊறுகாயும் ஒரு பாட்டில் வேண்டும். இங்கே எல்லா ஊறுகாயும் இனிக்கிறது. வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான்.

குதிரையை விற்காதீர்கள். ட்ரெய்லர் டயர்களுக்குக் காற்றடித்து வையுங்கள்.

உங்கள் டெலியா