இறங்கும் கைக்கும் ஒரு கம்பி

என் அருமை அக்காவுக்கு,

வரிசைப்படுத்தாமல் எனக்குப் பேச வராது என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது இவை:

1. உன் ஆராய்ச்சி எங்கள் தில்லி மயூர் விஹார் குடியிருப்பின் படிக்கட்டுக்கு வந்த கதை.
2. மூன்றாவது மாடி மரகதம்மாவைக் கீழே வரவைத்தே தீர்வது என்ற என் பிடிவாதம்.
3. படிக்கட்டுக்கு ஒரு பக்கக் கைப்பிடி போதும் என்ற என் முடிவு.
4. உனக்கு ஒரு வாக்குறுதி.

இதைத் தமிழ்ச் சங்க மலரில் மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் நீ யார் என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் எப்படி நடக்கிறார்கள், ஏன் விழுகிறார்கள் என்பதைப் பணிக்காலம் முழுவதும் ஆராய்ந்த பேராசிரியை நீ. அரசு அலுவலகத்தில் அடுத்தவர் போட்ட அட்டவணைகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் நான். நீ எங்களை விட்டுப் போன பிறகு உன் கட்டுரைகளை வரி விடாமல் படித்தேன். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை நீ ஏற்கெனவே சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறாய்.

"டேய் வைத்தி, ஏறும்போது மூச்சுதான் வாங்கும். மனுஷன் விழறது இறங்கும்போதுடா."

மரகதம்மாவும் இறங்கும்போதுதான் விழுந்தார். மழை நாள், ஈரப் படி. இடது மணிக்கட்டு முறிந்தது, ஒரு முழங்காலிலும் அடி. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையில் பிடி வரவில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. படிக்கட்டின் ஒரு பக்கம் வெறும் சுவர், மறுபக்கம் உள்ளங்கைக்கு அடங்காத தடித்த கட்டைச்சுவர். அன்றிலிருந்து அவர் கீழே வரவே இல்லை. கயிற்றில் கூடையை இறக்கித்தான் காய் வாங்கினார்.

"கூடை மட்டும் ஜோரா எறங்கி ஏறுது அண்ணாச்சி. என்னையும் அதுல வச்சு எறக்கி விட்டுருதியளா?"

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் பெங்களூரில் இருக்கும் மகன், தீபாவளிக்கு வரும்போது அம்மா படி இறங்காவிட்டால் வீட்டைப் பூட்டி அழைத்துப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவருக்கு இப்போது தில்லிதான் ஊர். "அங்க போயி யாருகிட்ட பேச? இங்க காய்க்கார பையாகிட்ட சண்டை போடவாவது வழி இருக்குல்லா" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

உன் கட்டுரைகளிலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டு குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனேன். நான், கூட்டத்தில் பேச! செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஏனுங் சார், ஆஸ்பத்திரியாட்டம் கம்பி வெச்சா வீடு பாக்க வர்றவன் அப்பிடியே ஓடிருவானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது. உட்காரவில்லை. நீ சொன்னதைச் சொன்னேன்: விழுந்தவர் பயத்தில் நடப்பதை நிறுத்துகிறார், நடக்காததால் கால் வலுவிழக்கிறது, வலுவிழந்த கால் மறுபடி விழவைக்கிறது. சிரிப்பு அடங்கியது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி.

"அச்சா. எத்தன பக்கம் வேணுமுங்க?"

உன் கட்டுரை இரண்டு பக்கமும் வேண்டும் என்கிறது. என் தாளிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். செயலாளர் முகத்தைப் பார்த்ததும், "ஒரு பக்கம் போதும்" என்று சொல்லிவிட்டேன். குறைத்துக் கேட்டால்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். எந்தப் பக்கம் என்று முறையாகவே யோசித்தேன். பெரும்பாலோருக்கு வலது கைதான் பழக்கம். படியில் ஏறிப் பார்த்தேன், வலது கை சுவர்ப் பக்கம் போயிற்று. அங்கே கம்பி வந்தது.

மற்றதெல்லாம் நீ சொன்னபடியே செய்தேன். படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை அடித்தோம். படிக்கட்டில் நல்ல விளக்கு போட்டோம். மரகதம்மா தினமும் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தார், வீட்டுக்குள்ளேயே நடந்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்தேன். "நல்லது மேல, நோவு கீழ" என்று அதை அவர் ஜபம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு காலை வாசலைத் தாண்டி மேல்படியின் விளிம்பில் நின்றார். நின்றவர் அசையவில்லை.

"அண்ணாச்சி, கம்பி இந்தக் கைப் பக்கம்லா இருக்கு?"

இடது கையைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏறுகிறவரின் வலது பக்கம், இறங்குகிறவருக்கு இடது பக்கம்! இதற்கு ஆராய்ச்சி எதற்கு? கீழிருந்து செயலாளர் எட்டிப் பார்த்தார். "என்னங் சார், ரிப்பன் வெட்டோணுமா?"

மரகதம்மா வீட்டுப் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலில்தான் அக்கா, நீ நினைவில் வந்தாய். முழங்கால் அறுவைக்குப் பின் முனிர்கா வீட்டில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ பின்புறமாகப் படி இறங்கினாய். "ஊருக்கெல்லாம் முன்னால பாத்து நடன்னு சொன்னவ எப்படிப் போறா பாரு" என்று நீயே சிரித்தாய். உன் கட்டுரைகளில் நான் படித்தவரை அது எங்கும் இல்லை. உன் முழங்கால் உனக்குச் சொன்னது அது.

"அப்படியே நில்லுங்கம்மா. கதவைப் பாத்தபடியே இறங்குங்க. இப்ப கம்பி வலது கைக்கு வரும். நான் ஒரு படி கீழே நிற்கிறேன்."

"சன்னதியில சாமிக்கு முதுகு காட்டாம வாரது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"என் வீட்டுக் கதவு சாமியாயிட்டு, போங்க."

நோகும் கால் முதலில், பிறகு நல்ல கால். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு விட்டார். செயலாளர் செருப்புகளை ஓரமாகத் தள்ளி வழிவிட்டார். கீழே வந்ததும் மரகதம்மா முதலில் காய் வண்டிக்காரரிடம் கத்தரிக்காய் சொத்தை என்று இந்தியில் சண்டை போட்டார். பிறகு மகனுக்கு வீடியோ அழைப்பு.

"ஏல, நான் கீழ நிக்கேன். பூட்டையும் சாவியையும் நீயே வச்சுக்க."

நீ இருந்திருந்தால் அவர் நடையைப் பார்த்திருப்பாயா, முகத்தையா?

ஆனால் தினமும் யாராவது ஒருவர் ஒரு படி கீழே நிற்க முடியுமா? நான் எத்தனை காலம் நிற்பேன்? அதனால் என் வாக்குறுதி இது: அடுத்த கூட்டத்தில் மறுபக்கக் கம்பியையும் கேட்பேன். யார் முகம் எப்படிச் சுருங்கினாலும், உன் கட்டுரையில் உள்ளதை ஒரு சொல்லும் குறைக்காமல் கேட்பேன். கொடுக்காவிட்டால் அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

கடிதத்தைச் சரிபார்க்கும்போது மேலே மூன்றாவது குறிப்பை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், கூட்டத்தில் பயப்படுகிற இன்னொருவருக்கு உதவும். ஒரு பக்கம் போதாது. மூன்றாவது குறிப்பு தவறு, அக்கா.

உன் விரலைப் பிடித்துப் படி இறங்கப் பழகிய தம்பி,
வைத்தி