சவரி ஒடித்த சோளம்

வத்தேகம,
தபசு காலம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பிறையனுக்கு,

உன் அம்மா மார்கிரட் எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், அதை நலம் என்று எழுதலாமா என்பதை ஆண்டவர்தான் சொல்ல வேண்டும், நீ அந்தத் தோஹா வெயிலில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை கத்திவிட்டு வைத்துவிடுகிறாய், கடிதத்தை இடையில் மறித்துக் கத்த முடியாது. ஜூலி டீச்சரின் மகன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு பொட்டலம் காய்ந்த மொச்சையையும் கொடுத்து விடுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, வெடித்த நாளிலிருந்து என் கை நடுங்குகிறது, அவ்வளவுதான்.

உயிர்த்த ஞாயிறுக்கு டிக்கட் போட்டுவிட்டேன், அப்பா கை போன மாதிரியே சித்தப்பா கையையும் எடுத்துட்டுத்தான் மறுவேலை என்று போனில் சொன்னாய். உன் கோபம் எனக்கு விளங்காமலில்லை, நீ என் வயிற்றில் பிறந்தவன், அந்தக் கோபத்தை உனக்குக் கொடுத்ததே நான்தான். ஆனால் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு டிக்கட் போட்டிருக்கிறாய். முழுவதையும் படித்துவிட்டு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்.

போன மாதம் உங்கள் ஹோட்டல் குசினியில் வெள்ளைக்காரர்களுக்குச் செய்கிற சக்கொடாஷ் என்று ஒன்றை வீடியோவில் காட்டினாயே, பச்சைச் சோளத்தைக் கத்தியால் சீவி, பெரிய பெரிய லீமா போஞ்சியோடு பட்டரில் வதக்கி, தக்காளி போட்டு இறக்குவது. இது நம்முடைய மொச்சையும் சோளமும்தான், காற்சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று நான் சிரித்தேன், நீங்களும் ஒரு நாள் இப்படிச் செய்து பாருங்கம்மா என்றாய். வெடித்த அன்றும் தபசு கால வெள்ளிக்கிழமை, இறைச்சி கிடையாது, செய்து பார்த்துவிடலாம் என்று முதல்நாளே மொச்சையை ஊற வைத்து, காலையில் தோலைப் பிதுக்கியெடுத்து அவியப் போட்டேன். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முதலில் போட்டால் மொச்சை விறைத்துக்கொண்டு நாள் முழுக்க வேகாது, அதை உங்கள் பெரிய சமையல்காரன் சொல்லித் தந்தானா தெரியவில்லை. நீ கேட்டதால்தான் அன்று சோளம் சமைத்தோம் என்று மனதுக்குள் குமைகிறாய், உன் கோபத்தில் பாதி அதுதான் என்று எனக்குத் தெரியும். அந்தக் குமைச்சலை விடு. நீ எதையும் கேட்காமலிருந்தாலும் அந்தக் கதிர் ஏதோ ஒரு நாள் நம் குசினிக்குள் வந்துதான் இருக்கும்.

அப்பா நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருக்கும் சோளத் தோட்டத்துக்குப் போய்ப் பால் பிடித்த இளங்கதிர்களாகப் பார்த்து ஒடித்துக்கொண்டு வந்தார். வருகிற வழியில், வேலியில் காட்டுப்பன்றி நுழைகிற ஓட்டைக்குப் பக்கத்தில் தோலோடு ஒரு நல்ல கதிர் கிடந்ததாம், பன்றி தள்ளிவிட்டுப் போயிருக்கும் என்று அதையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். உன் அப்பாவைத்தான் தெரியுமே, கீழே கிடக்கிற தேங்காயைக் கண்டால் குனியாமல் வரமாட்டார். அந்தக் கதிருக்குள்தான் உன் சித்தப்பா சவரிமுத்து ஹக்கபட்டாஸ் வைத்திருந்தான், பன்றி கடித்தால் தாடையைப் பிய்த்துக்கொண்டு போகிற அந்த வெடி. உயிர்த்த ஞாயிறுக்குப் பன்றி இறைச்சி வேண்டுமென்று தபசு காலத்திலேயே நம் சவரித் துரையின் ஏற்பாடு. அதை அவன் ஒளித்து மறைத்துச் செய்திருந்தாலாவது என் வயிறு இவ்வளவு எரியாது. லயத்தில் எல்லா வீட்டுக்கும் போய் அந்த வேலிப்பக்கம் போகாதீங்க, கெடக்கிறத எடுக்காதீங்க என்று சொல்லியிருக்கிறான், நம் வாசலை மட்டும் தாண்டிப் போயிருக்கிறான். நத்தார்ப் பெருநாளிலிருந்து அவர்களுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை இல்லையே. பன்றி அடித்து ஊருக்கெல்லாம் இறைச்சி கொடுத்துவிட்டுக் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்கு எலும்பை அனுப்பினான், நான் அதை அவன் கதவிலேயே வீசியடித்தேன், இன்றைக்கு அனுப்பினாலும் வீசியடிப்பேன். மற்றவர்கள் அண்ணன் தம்பிதானே, எப்படியும் தெரிந்திருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த வெடி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை.

நான் வெங்காயமும் கருவேப்பிலையும் ரம்பை இலையும் போட்டு வதக்கி, வெந்த மொச்சையையும் சட்டியில் கொட்டிவிட்டு, நீ சொன்ன மாதிரி சீவட்டும் என்று பலகையையும் கத்தியையும் அப்பாவிடம் நீட்டினேன். அவருக்குக் கத்தி எதற்கு, சோளமென்றால் இரண்டு கையாலும் பிடித்து முழங்காலில் வைத்துப் படக்கென்று ஒடித்துத்தான் பழக்கம். மூன்று நான்கு கதிர் ஒடித்திருப்பார். அடுத்ததை ஒடித்தார், வீடே தூக்கிப் போட்டது. கூரைத் தகரம் அலறியது, குசினி முழுக்கப் புகை, என் காது அடைத்துப் போய் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பின்னால் சாய்ந்து கிடந்தார். வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டும் இல்லை. இடது உள்ளங்கை இரண்டாகப் பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. முகமெல்லாம் பொடிப்பொடியாகக் குத்தி இரத்தம், கண் தப்பியது மாதா செய்த புதுமை. சட்டிக்குள்ளும் இரத்தம் தெறித்து மொச்சையோடு கொதித்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் மகனுக்கு எழுதக் கூடாதுதான், ஆனால் எழுதாவிட்டால் நீ அங்கே படுத்துக்கொண்டு இதைவிட மோசமாக நினைப்பாய்.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவன் சவரிதான். வாசலிலேயே ஐயையோ அண்ணே, வேலியில கெடந்தத எடுத்துட்டியா என்று தலையில் அடித்துக்கொண்டான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கொள்ளிக்கட்டையை உருவி அவன் தோளில் அடித்தேன், முதுகில் அடித்தேன், சட்டை பொசுங்கி நாறியது, கட்டை முறிகிற வரைக்கும் அடித்தேன். பிறகு அந்தக் கத்தியை எடுத்தேன். அவன் பெண்சாதி ஜெயராணி ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்திருக்காவிட்டால் நீ டிக்கட் போட வேண்டிய வேலையே இருந்திருக்காது, நானே முடித்திருப்பேன். அவன் ஓடவில்லை, தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கிழித்து அப்பாவின் கைகளைச் சுற்றிக்கொண்டே அவ்வளவு அடியையும் வாங்கினான். அஸ்ஃபர் நானாவின் ஆட்டோவில் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போகும்வரை அப்பாவை மடியில் வைத்திருந்ததும் அவன்தான். ஆட்டோவுக்குள்ளும் செருப்பைக் கழற்றி அவனை அடித்தேன். தங்கச்சி, அடிக்கிறத எறங்கின பொறகு அடிங்க, வண்டி ஆடுது என்று அஸ்ஃபர் நானா அழுதுகொண்டே சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ் வந்தது. பாதையில கெடந்துச்சு சேர், யாரு வச்சாங்கன்னு தெரியல என்று உன் அப்பா வாய் கூசாமல் சொன்னார். நான் பேச வாயெடுத்தேன், கட்டுப் போட்ட கையால் என் சேலையைத் தட்டினார். அவர்கள் போன பிறகு, அவன் உள்ள போயிட்டா ஜெயராணிக்கு யாரு இருக்கா மார்கிரட் என்றார், அதற்கடுத்து, அந்த மொச்சை என்னாச்சு, கருகிப் போச்சா என்று கேட்டார். விரல் போன மனுசன் கேட்கிற கேள்வியைப் பார். இன்று வரைக்கும் நான் பொலிசில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சொல்லமாட்டேன் என்று யாருக்கும் சத்தியமும் செய்து கொடுக்கவில்லை. நீ வந்து கத்தியைத் தூக்கினால் எல்லாம் வெளியே வரும், வெடிக்கு அவன் உள்ளே போவான், வெட்டுக்கு நீ உள்ளே போவாய், பொய் சொன்னதற்கு அப்பாவையும் இழுப்பார்கள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. இரண்டு கையும் கட்டு, தானாக ஒரு வாய் எடுத்துச் சாப்பிட முடியாது. நான் ஊட்டப் போனால் என் கை ஆடுகிறது, குழம்பு அவர் கழுத்திலும் கைக்கட்டுத் துணியிலும் சிந்துகிறது, சோறு மூக்கில் இடிக்கிறது. என் கை ஆடுவதைப் பார்த்து அவருக்குக் கண்ணீர் வந்துவிடும், போதும் பசிக்கல என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஊட்ட வந்தார்கள், வாயைத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டார். வெறும் தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கிடந்தார், கன்னம் ஒட்டிவிட்டது. நான் சமைக்கிறேன், அவர் பார்க்கிறார், நான் கொட்டுகிறேன், இதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் ஒரு மத்தியானம் சவரி வந்து வாசலில் நின்றான், அண்ணி நான் ஊட்டுறேன் என்று. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. வேறு வெடி வைத்தாயா என்று கேட்டேன், அந்த ஒண்ணுதான், ஒடைச்சுப் பாத்துக்கங்க என்றான். நீயே ஒடி என்றேன். அதே தோட்டத்தில் மிச்சமிருந்த கதிர்களையெல்லாம் அவனையே கொண்டுவரச் சொல்லி, தண்ணீர்ப் பைப்புக்கு அப்பால் ஆளில்லாத இடத்தில் கொட்டி, என் மனுசன் ஒடித்த மாதிரி முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக ஒடி என்று சொல்லிவிட்டுக் கத்தியோடு தள்ளி உட்கார்ந்தேன். ஒரு வெடிதான் என்று அவனுக்கே தெரியும், ஆனாலும் அவன் உடம்புக்குத் தெரியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மாதாவே மாதாவே என்று ஒடித்தான், வியர்வை தாடையிலிருந்து சொட்டியது, அவன் வாசலில் ஜெயராணி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படக்குக்கும் என் உடம்பும் தூக்கிப் போட்டது. ஆனால் அவன் நடுங்குவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது, மகன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், இன்னும் ஒரு மூட்டை இருந்திருந்தால் அதையும் ஒடிக்க வைத்திருப்பேன்.

அவன் ஒடித்த சோளத்தில் முற்றாததாகப் பார்த்துச் சீவி, மொச்சையை மசிகிற அளவுக்கு அவித்து, பட்டர் இல்லாததால் கொஞ்சம் மாஜரின், அதற்குமேல் நம் தேங்காய்ப்பாலும் விட்டு இறக்கினேன். தட்டை அவன் முன்னால் தொப்பென்று வைத்தேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றோடு மொச்சையைக் குழைத்து, சூடு போக ஊதி, சின்ன உருண்டையாக உருட்டி நீட்டினான். அப்பா தம்பி முகத்தை நெடுநேரம் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார், பிறகு வாயைத் திறந்தார். மென்று விழுங்கிவிட்டு, உப்பு பத்தல என்றார். கடைசியில் போட வேண்டிய உப்பை நான் போடவே மறந்திருக்கிறேன். அன்றிலிருந்து மூன்று வேளையும் அவன்தான் வருகிறான். நான் மன்னிக்கவில்லை. அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் ஐந்து விரலும் அப்படியே இருப்பதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அப்பாவின் கன்னம் தேறிவிட்டது.

நீ வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வா. வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு அப்பாவுக்கு நீ ஊட்டு. குழைத்து, ஊதி, தொண்டையில் சிக்காமல், அவருக்கு அலுப்பு வராமல், காலையும் மத்தியானமும் இரவும் ஊட்டு, அவர் தன் கையால் ஒரு வாய் எடுத்து வைக்கிற வரைக்கும் ஊட்டு. அதற்குப் பிறகும் வெட்ட வேண்டுமென்று தோன்றினால் கத்தியை நானே தீட்டித் தருகிறேன். அது முடியாதென்றால் டிக்கட்டைத் திருப்பிக் கொடு. நீ அவன் கையை எடுத்தால் உன்னைப் பொலிஸ் கொண்டுபோய்விடும், அடுத்த வேளைச் சோற்றுக்கு உன் அப்பா யாரைப் பார்த்து வாயைத் திறப்பார், அதற்கு மட்டும் எனக்குப் பதில் எழுது.

குளிர் அறையில் நின்றுவிட்டு அப்படியே வெயிலுக்குள் இறங்காதே, இராத்திரி செபத்தை விடாதே. நீ தொடுகிற அடுப்பும் கத்தியும் உனக்குத் தீங்கு செய்யாமல் மாதா தன் முந்தானைக்குள் உன்னை வைத்திருக்கட்டும். மொச்சையை ஒரு இரவு முழுக்க ஊற வை, உப்பைக் கடைசியில் போடு, போட மறந்துவிடாதே.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா மார்கிரட்

கீழே இருக்கிற கோணல் கோடு உன் அப்பா சுவக்கின் போட்ட கையெழுத்து. கட்டுக்கு மேல் பேனாவை வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டவன் சவரி.