நான்கு காரணங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு எசினாம் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இங்கே வடக்கில் தூசிக் காற்று தொடங்கிவிட்டது. உதடு வெடித்ததைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று வகுப்பில் ஒரு வேடிக்கை. தேர்வு நெருங்குகிறதே என்று எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் முறையை மறுபடி சொல்லிக்கொடுத்தேன். 'கிறிஸ்துமஸுக்கு ஏன் வர முடியவில்லை என்று அம்மாவுக்கு எழுது' என்பது தலைப்பு. மாதிரிக்கு நானே கரும்பலகையில் எழுதினேன்: பஸ் கிடைக்காது, விடைத்தாள் திருத்த வேண்டும், இருமல், சாலை மோசம்.

வும்பினி என்றொரு வாயாடி எழுந்தாள். "மேடம், இப்படி நாலு காரணம் சொன்னா எங்கம்மா ஒண்ணைக்கூட நம்ப மாட்டாங்க. நிஜமானதை மட்டும் எழுதுங்க!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பலகையை அழித்தேன்.

நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே விற்பதில் கடல் வாசனையே இல்லை.

கிறிஸ்துமஸை ஒட்டி அப்பா இறந்து ஒரு வருஷம் முடிகிறது. துக்கம் முடிந்து நீங்கள் கறுப்பைக் களைந்து வெள்ளை உடுத்தும் அந்த நாளில் நான் வரப்போவதில்லை. வும்பினி சொன்னபடி ஒரே காரணம்தான். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை அம்மா. அத்தைகள் அத்தனை பேருக்கு நடுவே வறண்ட கண்ணோடு எப்படி நிற்பேன்?

இந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவரும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். வெள்ளைத் துணி எடுக்கும்போது எனக்கும் சேர்த்தே எடுங்கள்.

உங்கள் மகள்,
எசினாம்