ஹேமா ஏறிப் பார்த்த படகு

மணமேல்குடி,
தை 27, திங்கட்கிழமை.

அன்பு மகன் பிரவீன்குமாருக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஹேமாவும் குழந்தை அறிவுமதியும் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே அபுதாபியில் நீயும் காவ்யாவும் பிள்ளைகள் இருவரும் அதேபோல் இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். அறந்தாங்கி சிவா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை பிளைட் ஏறுகிறான், கருவாடும் முறுக்கும் அவனிடம் கொடுத்து விடுகிறோம், அந்தப் பைக்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். தினமும் போனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது நின்றுவிடுகிறது தம்பி, நீ கேட்கிறாய், நான் ம் என்கிறேன், பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் நிறுத்தாமல் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன் புதுக்கோட்டையில் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து ஹேமாதான் நேரத்துக்கு விடுகிறாள். அறிவுமதி ஒன்றாம் வகுப்பு, வேனில் போய் வருகிறாள், முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. என்னைப் பற்றி நீ அம்மாவிடம் தனியாகக் கேட்பது எனக்குத் தெரியும். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் தெரிவதில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிடுகிறேன். உன் தம்பி அருண்குமாருக்கு வருஷத் திதி கொடுத்த அன்று ஹேமா புருஷனை நினைத்தும் அம்மா பிள்ளையை நினைத்தும் அழுதார்கள், நான் வாடகை நாற்காலி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் விற்ற பழைய படகை வாங்கியவர் அதில் கடலுக்குப் போவதைக் கரையில் நின்று பார்க்கிறேன், அதற்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. வருத்தமாக இருந்தால் வருத்தம் என்று எழுதிவிடுவேன், எழுதுவதற்கு அதுகூட இல்லை.

படகு விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கும் இடத்தில் நிற்கும் படகுகளின் படங்களை அனுப்பி, மீன் பிடிக்கவும் முங்கவும் குடும்பத்தோடு சுற்றவும் எல்லாத்துக்கும் ஒரே படகாக வாங்குங்கள் என்றாய். நீ சொன்னது சரிதான், இரண்டு படகு கட்டி மேய்க்க நம்மால் ஆகாது. எனக்கு நண்டு வலை விட இடம் வேண்டும். ஹேமா போன வருஷத்திலிருந்து கடல்பாசிக் குழுவில் இருக்கிறாள், கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கிப் பாசி வளரும் மிதவைக் கயிற்றைப் பார்க்கிறாள், அவளுக்கு ஆள் இறங்கி ஏறத் தோதாக வேண்டும். ஜூலையில் நீ வரும்போது பிள்ளைகளுக்குக் கடல்பசு காட்ட வேண்டும் என்கிறாய், அதற்கு உட்காரப் பலகையும் வெயிலுக்கு மறைப்பும் வேண்டும். அறிவுமதிக்கு நீலக்கலர் இருந்தால் போதும்.

முதலில் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு பழைய படகு பார்த்தோம், உன் மாமா உதயசூரியன்தான் கூட்டிப் போனான். அகலமான படகு, அலையில் ஆடாது, பத்து வலை போட்டாலும் தாங்கும் என்றான். ஓரத்தில் குனிந்து தண்ணீருக்குக் கையை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை, வேண்டாம் என்று வந்துவிட்டேன். அடுத்தது நாகப்பட்டினத்தில், நீ அனுப்பிய படம் மாதிரியே, முன்னால் அறை, உள்ளே மெத்தை, பாட்டுப் பெட்டிகூட இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஆழத்துக்கான படகு தம்பி, நம் கரையில் இடுப்புத் தண்ணீருக்கே எத்தனை தூரம் சேற்றில் நடக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், அது கரைக்கு வரும் முன்னே தரை தட்டிவிடும். அறை அடைத்துக்கொண்டதுபோக வலை இழுக்க நிற்கவும் இடமில்லை. அங்கேயும் நான் ஓரத்தில் குனிந்து கையை நீட்டிப் பார்த்தேன். ஹேமா கூட வந்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், ஏன் மாமா எல்லாப் படகிலும் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். அவளிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். உனக்கு இப்போது சொல்கிறேன்.

அருணை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் போலீசிலும் ஊரிலும் உன்னிடமும் சொன்னேன், அது பொய் இல்லை, ஆனால் முழுதும் இல்லை. அன்று வலைக் கயிறு எஞ்சின் காத்தாடியில் சுற்றிக்கொண்டது, அவன் கத்தியோடு இறங்கி நாலைந்து தடவை முங்கி அறுத்துவிட்டான். அதற்குள் கிழக்கேயிருந்து கொண்டல் காற்று எழும்பிவிட்டது. மற்ற நாளாக இருந்தால் ஓரத்தைப் பிடித்து ஒரே எம்பில் உள்ளே வந்துவிடுவான், அன்று களைத்திருந்தான், படகு ஆடி அவன் தோளில் வேறு இடித்தது. நான் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தேன். நெஞ்சு வரைக்கும் வருவான், அடுத்த அலைக்குச் சறுக்கிப் போவான். கால் வைக்க ஒரு படி இல்லை. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவன்தான் சொன்னான், “ஒங்களால முடியாதுப்பா, விட்டுட்டுக் கயித்த எடுங்க” என்று. கயிறு முன்பக்கம் கிடந்தது. கையை விட்டுவிட்டுப் போய் எடுத்துத் திரும்பினேன், அவன் அங்கே இல்லை. இவ்வளவுதான் நடந்தது. அவன் சொல்லித்தான் விட்டேன், ஆனாலும் விட்டது நான். இதை உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, அவள் கண் ஆறியதும் நானே சொல்கிறேன்.

ஹேமா கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணமேல்குடியில் இறங்கியதும் எனக்காக நிற்காமல் வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன், போனாலும் சரி என்றுதான் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் வந்து, மல்லிப்பட்டினம் பக்கம் ஒரு பட்டறையில் புதுப்படகு இருக்கிறதாம், குழுவில் சொன்னார்கள், தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும், நானும் வருகிறேன் என்றாள். மாற்றுத் துணியையும் துண்டையும் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

இருபத்தெட்டு அடி ஃபைபர் படகு. அடி தட்டையாக இருக்கிறது, முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின், சேறு வந்தால் மேலே தூக்கிக்கொள்ளலாம். நடுவில் வலைக்கு இடம், இரண்டு பக்கமும் பலகை, குழாய் நட்டுத் தார்ப்பாய் கட்டினால் நிழல், வேண்டாத நாளில் கழற்றி வைத்துவிடலாம். பின்பக்கம் எஞ்சினுக்கு இடப்புறம் விளிம்பைத் தாழ்த்தி இரும்பில் மூன்று படி வைத்திருக்கிறார்கள், கடைசிப் படி தண்ணீருக்குள்ளே இறங்குகிறது. பட்டறைக்காரர் கடலுக்குள் கொண்டுபோய் நிலை கொள்ளாத ஆழத்தில் எஞ்சினை நிறுத்தினார். ஹேமா கண்ணாடிகூட மாட்டாமல் சுடிதாரோடு குதித்துவிட்டாள். நீந்திப் பின்பக்கம் வந்து படியைப் பிடித்தாள், என் கை தானாக நீண்டுவிட்டது. “கை குடுக்காதீங்க மாமா. நான் தனியா ஏறணும்” என்றாள். ஏறினாள். மறுபடி குதித்தாள், மறுபடி ஏறினாள். மூன்றாம் தடவை இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கையாலேயே ஏறி வந்து பலகையில் உட்கார்ந்தாள், மூச்சு வாங்கியது. பட்டறைக்காரர் போதும்மா என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “இப்ப நீங்க எறங்குங்க மாமா” என்றாள்.

பதினைந்து மாதமாக நான் கடலில் கால் நனைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது, அதைத் தவிர ஒன்றும் நினைவில்லை. அறுபத்திரண்டு வயது முழங்கால், முதல் படியில் வழுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிவிட்டேன். அவளும் எனக்குக் கை கொடுக்கவில்லை, குனிந்து நின்று கடைசிப் படி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே வந்ததும் துண்டைக் கொடுத்தாள். சரியாக இருக்கிறது, இதையே எடுத்துக்கொள்வோம் என்றாள். கரைக்கு வந்து பட்டறையிலேயே முன்பணம் கொடுத்துவிட்டோம். வீட்டுக்கு வந்து அன்றைக்கு அவளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இன்னொன்று, இது உன்னைக் கேட்காமல் செய்தது. மீன்துறை ஆபீசில் பதிவுக்கு உரிமையாளர் பெயர் கேட்டார்கள், ஹேமா பெயரைக் கொடுத்துவிட்டேன். உதயசூரியனுக்கு அது பிடிக்கவில்லை, உழைத்துப் பணம் அனுப்பியது பிரவீன், பெயர் அவனுடையதாக இருக்க வேண்டும், அவளுக்குச் சின்ன வயசு, நாளைக்கே இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டு படகோடு போய்விட்டால் என்ன செய்வீர்கள் மச்சான் என்று ஆபீஸ் வாசலிலேயே சத்தம் போட்டான். போனால் படகோடு போகட்டும், வெறுங்கையோடு போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் காவ்யாவுக்கும் மனக்குறை இருந்தால் என்னைத் திட்டு, அவளிடம் காட்டாதே. படகு வாங்கியது உன்னால், அதை ஊரறியச் சொல்வேன். ஆனால் எதை வாங்குவது என்று தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்து முடிவு செய்தது அவள்.

போன வியாழனிலிருந்து அவளும் நானும் போய் வருகிறோம். நான் எஞ்சினில் இருக்கிறேன், அவள் பாசி மிதவை பார்த்து முடித்ததும் வலைக்குப் போகிறோம், நேற்று நண்டு சுமாராக விழுந்தது. ஆள் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சினைத் தொடுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். இதையெல்லாம் எழுதி முடித்தால் மனசுக்குள் ஏதாவது ஆகும் என்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, எழுதிப் பழக்கம் விட்டதில் விரல்தான் வலிக்கிறது. நீ படித்துவிட்டு உடனே போன் செய்ய வேண்டாம், இரண்டு நாள் போகட்டும். செய்யும்போது முதலில் ஹேமாவிடம் பேசு.

ஜூலையில் வரும்போது பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் மூன்று வாங்கி வா, இங்கே பெரியவர்கள் அளவுதான் கிடைக்கிறது. அறிவுமதி பதினேழு கிலோ இருக்கிறாள், நீலம் கிடைத்தால் நீலம். வெயிலில் வேலை செய்கிறாய், தண்ணீர் நிறையக் குடி, பெரியவனை அடிக்காதே. நீங்கள் நாலு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வீ. அழகுமலை