மோத்தி கண்டெடுத்தவை

கிளீவ்லாண்ட் டவுன், பெங்களூர்
14 ஆகஸ்டு 1955, ஞாயிறு

பிரியமுள்ள மனைவி பிரிஜெட்டுக்கு,

மாதாவின் தயவால் நானும் நம் நாய் மோத்தியும் நலம். நீ சானடோரியத்துக்குப் போய் இன்றோடு ஐந்து மாதம். இருமல் தணிந்ததா, சாயங்காலக் காய்ச்சல் இன்னும் வருகிறதா என்று நர்ஸம்மாவைக் கொண்டாவது எழுதச் சொல். உன் போன கடிதத்துக்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் ஆறட்டும்.

இங்கே மழை விட்டபாடில்லை. என் மூக்குக்கண்ணாடி தினமும் காணாமல் போகிறது. நீ இருந்தால் அடுப்படியிலிருந்தே இடம் சொல்லிவிடுவாய். கண்ணாடி இல்லாமல் பார்சல் ஆபீசுக்குப் போய், சேலத்துக்குப் போகவேண்டிய கூடையை மைசூருக்கு அனுப்பிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதனால் வீட்டுச் சாமான்களைத் தேடி எடுக்க மோத்திக்குப் பாடம் ஆரம்பித்தேன். பட்டாளத்தில் நாய் பழக்கிய பக்கத்து வீட்டுத் தியோடர்தான் வழி சொன்னார். "மொதல்ல மோந்து பாக்க விடு மேன். அப்புறம் ஒளிச்சு வை. கண்டுபிடிச்சா பிஸ்கட் குடு" என்றார். என் செருப்பு இரண்டே நாளில் வந்தது. சாவிக்கொத்துக்கு ஒரு வாரம். கண்ணாடியைக் கடித்து உடைத்துவிடுமே என்று பயந்து, அதை உன் கைக்குட்டையில் சுற்றி வைத்துப் பழக்கினேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போய்விட்டது. நாய் உன் வாசனையைப் படித்துக்கொண்டது.

இப்போது "கண்ணாடி" என்றால் உன் சாமான்தான் வருகிறது. சவுரி, கட்டிலுக்கடியில் கிடந்த உன் பழைய ரவிக்கை, போன வாரம் டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து நீ பூசைக்குப் போடும் முக்காடு. காசம் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னபடி உன் துணிகளையெல்லாம் அன்றே கொதிநீரில் போட்டேன், இவை தப்பிவிட்டன. முக்காட்டையும் போடவேண்டும் என்று தெரியும். போடவில்லை. திட்டாதே.

நேற்றும் தேடச் சொன்னேன். வீடு முழுக்க மோந்து ஒன்றும் கிடைக்காமல், கேட்டுக்கு வெளியே போய், நீ ரயிலேறிப் போன ஸ்டேஷன் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டது. பிஸ்கட் காட்டியும் வரவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் சிரித்திருப்பார்கள்.

இனி உன் கடிதம். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கமாட்டேன், விலா எலும்பை எடுத்துத் தோள் கோணிப்போய் உங்கள் முன்னால் வந்து நிற்கமாட்டேன், நீங்கள் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவி வைத்தேன். ஆபரேஷன் இல்லாமல் பிழைப்பது கஷ்டம் என்று பெரிய டாக்டர் எனக்குத் தனியாக எழுதிவிட்டார். கோணலாக வா, பாதி மூச்சோடு வா. எனக்கு நீ உயிரோடு வேண்டும், பிரிஜெட்.

டாக்டர் அனுப்பிய சம்மதப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். புருஷன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கு மேல் வரியில் உன் இடம் காலியாக இருக்கிறது. நாளை பரலோக மாதா திருநாள். அந்தத் தாயே உன் கையைப் பிடித்து எழுதவைக்கட்டும்.

உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
ரெமிஜியஸ்